தர்றேன் பக்கத்துல ஒரு கேக்குறேன்

கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிக்கங்கண்ணே, பை இருக்கு. பரவால்ல, பரவால்ல, மடியிலயே வச்சுக்கிர்றேன். நீங்க எது வரைக்கும் போறீங்க? சரி, எதுவா இருந்தா என்ன, ரெண்டு பேரும் இந்த ஓட்ட வண்டியிலதானே போயாகணும். நான் வெள்ளக்கரடு போறேன். அங்க ஒருத்தனக் கூட்டிட்டு வரணும். வரமாட்டேன்னு சொன்னான்னா தூக்கிட்டு வந்துருவேன். அம்புட்டுக் கோவத்துல இருக்கேன்.

சுருளிவேல்னு பேரு. என் ரூம்மேட்டு. ஹாஸ்டல்ல மூணு வருசம் ஒரே ரூமு, ஒரே பக்கெட்டு, ஒரே சார்ஜரு. திங்கக்கிழமை கடைசி செமஸ்டர் பரீட்சை. இவன் பெட்டியக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போய் ஒரு வாரமாச்சு. ஃபோன் அடிச்சா எடுக்குறதில்ல. ஹால் டிக்கெட்டக்கூட வாங்காமப் போய்ட்டான், நான்தான் ஆபீசுல கத்தி வாங்கிட்டு வந்திருக்கேன், இந்தா, சட்டைப் பையில இருக்கு. திங்கக்கிழமை வந்து ஒக்காரலன்னா மூணு வருசப் படிப்பு அம்போ. அப்புறம் எழுதிக்கிறேன்னு போனவிங்க ஒருத்தனும் எங்க டிபார்ட்மெண்டுல திரும்பி வந்ததில்ல. நல்லாப் படிக்கிற பயண்ணே. நான்லாம் அவன் நோட்டப் பாத்துத்தான் பாஸ் பண்றேன், அது வேற விசயம்.

என்னமோ சொல்ல வந்தீங்களே? இருங்க, இத முடிச்சிர்றேன், இல்லன்னா விட்டுப்போகும்.

இம்புட்டுக்கும் காரணம் ஒரு வார்த்தைண்ணே. ஒத்த வார்த்தை. அதச் சொன்னா நீங்களே சிரிப்பீங்க. 'கைமாத்து' தெரியுமா? நீங்க நெனைக்கிற கைமாத்து இல்ல, இது செல்ஃபோன்ல வர்றது. நான் கண்டுபிடிச்சது. பயலுக எத்தனை பேருக்கு எத்தனை வித்தை தெரியும், அது பூராம் வீணாத்தானே போகுது? ஒருத்தனுக்குக் கிட்டாரு வாசிக்கத் தெரியும், ஒருத்திக்குக் கணக்கு நல்லா வரும், ஒருத்தன் அப்பா புரோட்டாக் கடை வச்சிருக்காரு, அவன் மாவு வீசுனான்னா துப்பட்டா மாதிரிப் பறக்கும். இவிங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் கத்துக் குடுத்துக்கிட்டா என்ன? காசு கெடையாது. நீ ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தா உனக்கு ஒரு மணி நேரம் வரவு. அத வச்சு நீ வேற யார்ட்டயாவது கத்துக்கலாம். மணிக்கு மணி. அதான் கைமாத்துன்னு பேரு வச்சேன்.

சுருளிதான் அதக் கம்ப்யூட்டர்ல செஞ்சான். செஞ்சான்னா, அவன் டைப் அடிச்சான். யோசனை என்னுது. ரெண்டு பக்கம் வச்சோம். ஒரு பக்கம் 'தர்றேன்', இன்னொரு பக்கம் 'கேக்குறேன்'. கத்துக் குடுக்குறவன் தர்றேன் பக்கத்துல போடணும், கத்துக்க வேண்டியவன் கேக்குறேன் பக்கத்துல போடணும். கொழந்தைக்குக்கூடப் புரியும். தர்றேன்: நீச்சல். கேக்குறேன்: இங்கிலீசு. முடிஞ்சுபோச்சு.

தொறப்பு விழாவுக்குத் துணைவேந்தரே வந்தாரு. நான் பேசுனேன். நல்லாப் பேசுனேன்னு நானே சொல்லிக்கக் கூடாது, ஆனா கடைசி வரைக்கும் ஒருத்தன் எந்திரிக்கல. கதவ வெளிய பூட்டியிருந்தாய்ங்கன்னு சில பயலுக வயித்தெரிச்சல்ல சொல்றாய்ங்க, அத விடுங்க. நானும் தர்றேன் பக்கத்துல போட்டேன். மேடைப் பேச்சு, தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, பழகும் கலை. நாலு. ஒரு ஆளு வரலண்ணே! புரோட்டா வீசக் கத்துக்க வரிசையில நிக்கிறாய்ங்க, தன்னம்பிக்கைக்கு ஆள் இல்ல. வெளங்குமா இந்த நாடு? ஒரே ஒரு பொண்ணு வந்துச்சு. தண்ணி குடிச்சிட்டு வர்றேன்னு பாதியில போச்சு. அந்தத் தண்ணிய எந்த ஊருல போய்க் குடிச்சதோ, இன்னும் திரும்பல.

சரி, கதைக்கு வர்றேன். ரோஸ்லின்னு ஒருத்தி. திண்டுக்கல்லு. தமிழ் டிபார்ட்மெண்டு. வகுப்புல இருக்காளா இல்லையான்னே தெரியாது, அப்பிடி ஒரு அமுக்குணி. ஒருநாள் நான் கைமாத்தத் தொறந்து எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாத்துக்கிருக்கேன். நான்தானே பொறுப்பு. பாத்தா, தர்றேன் பக்கத்துல இந்தப் புள்ள ஒண்ணு போட்டு வச்சிருக்கு. என்னன்னு? 'கேக்குறேன்.'

அம்புட்டுத்தான். தர்றேன், அதுக்கு நேரா, கேக்குறேன். நீங்களே சொல்லுங்க, இதுக்கு என்ன அர்த்தம்? கேக்குறதுன்னா கேக்குறேன் பக்கத்துலதானே போடணும்? என்ன கேக்குறன்னும் போடல. தமிழ் படிக்கிற புள்ள, எந்தப் பக்கத்துல எத எழுதணும்னுகூடத் தெரியல. சரி, பாவம், தெரியாமப் போட்டிருச்சுன்னு நானே எடுத்து அந்தப் பக்கம் மாத்தி வச்சேன். ஒதவிதான் செஞ்சேன். ஒருத்தர்ட்ட நன்றின்னு ஒரு வார்த்தை வாங்கல.

மறுநாள் பாத்தா ஒரே ரகளை. 'ரோஸ்லின் எங்க, ரோஸ்லின் எங்க'ன்னு அத்தனை பேரு கேக்குறாய்ங்க. நான் ஆடிப்போனேன். இவளுக்கு இம்புட்டுக் கூட்டமா? அந்தப் பக்கத்துல பாத்தா, 'கேக்குறேன்'னு மட்டும் இருக்கவும், 'என்ன வேணும் கேளு'ன்னு நாலஞ்சு பயலுக போட்டிருக்காய்ங்க. புரோட்டாக்காரன், கொத்து புரோட்டாவே கத்துத் தர்றேங்கிறான்.

மத்தியானம் கேண்டீன்ல நேரா எங்கிட்ட வந்துட்டா. 'பூமி, அத ஏன் மாத்துன?'

'தப்பான பக்கத்துல போட்டிருந்த. அதான்.'

'தப்பில்ல. நான் அதத்தான் தர்றேன்.'

'எத?'

'கேக்குறத.'

எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. அப்புறம்தான் விசயம் தெரியுது. லைப்ரரிக்குப் பின்னாடி ஒரு புங்கமரம் இருக்கு. அதுக்கடியில ஒக்காந்துக்குவாளாம். யாராச்சும் வந்து பேசுவாங்களாம். இவ காதால கேட்டுக்கிட்டே இருப்பாளாம். அறிவுரை கெடையாது, ஆறுதல் கெடையாது. ஒரு மணி நேரம் காதக் குடுத்துட்டு ஒரு மணி நேரம் வரவு வச்சுக்குவாளாம்! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். சும்மா ஒக்காந்து தலைய ஆட்டுறது ஒரு வித்தையாண்ணே? அத எங்க வீட்டு ஆடு செய்யும். ஒருத்தன் விரல் தேஞ்சுபோற மாதிரி கிட்டாரு சொல்லிக் குடுக்குறான், அவனுக்கும் ஒரு மணி. இவ வாய மூடிக்கிட்டு ஒக்காந்ததுக்கும் ஒரு மணி. இது நியாயமா? அங்கயே வச்சு அவளுக்கு எடுத்துச் சொன்னேன். திறமைன்னா என்ன, உழைப்புன்னா என்ன, கைமாத்தோட நோக்கம் என்னன்னு விலாவாரியாச் சொன்னேன். மணி அடிச்சு எல்லாரும் கிளாசுக்குப் போய்ட்டாங்க. அவ ஒரு வார்த்தை பேசல, என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா. அப்பிடியெல்லாம் பாத்தா மனுசனுக்கு இன்னும் பேசத்தான் தோணும். நானும் எங்கம்மாவுக்கு முட்டி வலி, அண்ணன் கல்யாணம் நின்னுபோனதுன்னு ஏதேதோ சொல்லிட்டேன். அது கெடக்கட்டும்.

போகும்போது ஒண்ணு சொன்னா. 'சுருளிக்கு இன்னைக்குச் சாயங்காலம் நேரம் குடுத்திருந்தேன். நீ மாத்துனதுல அது அழிஞ்சுபோச்சு. அவன் நம்பர் எங்கிட்ட இல்ல. எப்பவும் போல மரத்தடிக்கு வரச் சொல்லிரு, பூமி. மறந்துராத.'

எப்பவும் போல! கேட்டீங்களாண்ணே? எப்பவும் போல!

என் ரூம்மேட்டு. நான் அங்க எட்டடி தூரத்துல கட்டில்ல படுத்திருக்கேன். அவன் என்னைத் தாண்டி, படியெறங்கி, லைப்ரரியச் சுத்திப் போய், எவளோ ஒருத்திட்ட ஒக்காந்து பேசிட்டு வர்றான். காதலா இருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். காதலும் கெடையாதாம். சும்மா பேசுறானாம். எங்கிட்டப் பேசக் கூடாதா? எனக்குக் காது இல்லையா? 'என்னடி பேசுறான்?'னு கேட்டேன். 'அத அவன்தான் சொல்லணும்'னுட்டுப் போய்ட்டா. என்ன திமிரு!

என்னண்ணே? இல்ல இல்ல, ஸ்டாப் இன்னும் வரல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கேளுங்க.

நேரா ரூமுக்குப் போனேன். துணி மடிச்சுக்கிட்டிருந்தான். நான் சண்டை புடிச்சிட்டேன். 'ஏன்டா, மூணு வருசமா ஒண்ணா இருக்கோம், எங்கிட்டச் சொல்லாம ஊரு பேரு தெரியாதவகிட்டப் போய்க் கொட்டியிருக்கியே, நான் என்னடா செத்தா போய்ட்டேன்?'னு கேட்டேன். அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? தலையத் தூக்கவே இல்ல. சட்டையோட கைய மடிச்சுக்கிட்டே சொல்றான், 'நீ கேக்கலையே'ன்னு.

நானா கேக்கல? எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சுண்ணே. நானா? தெனமும் காலைல எந்திரிச்சதுலருந்து அவனத்தான் கேக்குறேன். சாப்ட்டியாடா, படிச்சியாடா, ஏன்டா பேயறஞ்ச மாதிரி இருக்க, ஏன்டா மெஸ்ஸுக்கு வரல, ஏன்டா கைமாத்துல அந்தப் பட்டன் வேலை செய்யலன்னு வாய் ஓயாமக் கேக்குறேன். அவன் தொறந்தாத்தானே? ஒண்ணு கேட்டா பதில் வர்றதுக்குள்ள எனக்கு அடுத்தது கேக்கத் தோணிரும், அது எம் பழக்கம். அதையெல்லாம் சொன்னேன். பூராத்தையும் சொன்னேன். 'அந்தக் கேக்குறது இல்லடா'ன்னான். எந்தக் கேக்குறதுடா பின்ன? தமிழ்ல எத்தனை கேக்குறது இருக்கு?

சாயங்காலம் போச்சு. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வரல. காலைல பாத்தா கட்டிலு காலி.

மரத்தடிக்கு வரச் சொன்னதா? அத எங்கண்ணே சொல்றது அந்தக் கோவத்துல? மறந்துபோச்சு. அதுவும் நான் அவளுக்கு வேலைக்காரனா, சேதி சொல்றதுக்கு? ஒரு நாள் போகலன்னா என்ன, குடியா முழுகிரும்? அந்தப் புள்ள இருட்டுற வரைக்கும் அங்கனயே ஒக்காந்திருந்துச்சுன்னு அப்புறம் சொன்னாய்ங்க. ஒக்காரட்டும்.

அவன் இந்த ரெண்டு மாசமாவே சரியில்லண்ணே. எனக்கு முன்னாடியே தெரியும். பங்குனியில திடீர்னு ஊருக்குப் போனான். அவிங்க குலசாமி கும்பிடு அந்த மாசத்துலதான் வரும். ரெண்டு வாரம் ஆளக் காணோம். 'கெடா வெட்டா, கறி கொண்டாராம வந்தா ரூமுக்குள்ள விட மாட்டேன்'னு நான் வாய்ஸ் மெசேஜு மேல வாய்ஸ் மெசேஜாப் போடுறேன். 'ம்'னு ஒத்த எழுத்து பதில் போடுறான். திரும்பி வந்தான், மொட்டை போட்டுக்கிட்டு. சாமிக்கு முடி எறக்குனவன் மீசைய வச்சுக்கிட்டு வர வேண்டியதுதானே, அதையும் வழிச்சிட்டு வந்திருக்கான். சும்மா விடுவமா? ஹாஸ்டல் பூராம் மொட்டை பாஸ், மொட்டை பாஸ்தான். நான்தான் பேரு வச்சேன். வாசல்லயே மறிச்சு, 'கறி எங்கடா மொட்டை?'ன்னு மண்டையில ஒண்ணு தட்டுனேன். அவனும் சிரிச்சான். அப்பவும் கறியக் கொண்டாரல, அதச் சொல்லுங்க! ஒரு துண்டு கறியக்கூடப் பங்கு வைக்காத பயலுக்காகத்தான் நான் இந்த வெயில்ல போய்க்கிருக்கேன்.

ரோஸ்லினும் கூட வர்றேன்னா. நான் வேணாம்னுட்டேன். நான் பேசுற பேச்சுல அவன் வருவான், நீ வந்து என்ன பண்ணப் போற, தலையாட்டவான்னு கேட்டேன். அதுக்குச் சொல்றா, 'போனதும் பேசாத பூமி, பக்கத்துல போய்ச் சும்மா ஒக்காந்திரு'ன்னு. அவ தொழிலை எனக்குக் கத்துக் குடுக்குறா! காலைல கெளம்பும்போது சுருளிக்கு மெசேஜு போட்டுட்டேன். 'பன்னெண்டு மணி வண்டியில வர்றேன். ஆம்பளையா இருந்தா ஸ்டாப்புல வந்து நில்லு. நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்'னு. ரெண்டு நீல டிக்கு விழுந்திருச்சு. பதில் இல்ல. வரமாட்டான், எனக்குத் தெரியும். கல்லுளிமங்கன்.

என்னண்ணே, ரொம்ப நேரமா என் கையப் புடிச்சுக்கிட்டே இருக்கீங்க? சொல்லுங்க. இப்பச் சொல்லுங்க.

நீங்களும் வெள்ளக்கரடா? அத மொதல்லயே சொல்ல வேண்டாமா? ஏறுனப்பவே கேட்டேன்ல நான்? சரி, அப்ப சுருளியத் தெரிஞ்சிருக்குமே. எந்த வீடு? ஆமா, அந்த வாழைத் தோட்டத்துக்காரரு மகன்தான்.

என்னது?

யாரு?

கும்பிடு இல்லையா? இந்த வருசம் கும்பிடே நடக்கலையா? எதுக்கு நடக்கல? ... தோட்டத்துல மோட்டார் போடப் போனவரு... அப்பிடியேவா? ... நீங்க தூக்குனீங்களா? நீங்களும் ஒரு ஆளாத் தூக்குனீங்களா?

இருங்கண்ணே. இருங்க. பங்குனியிலயா?

ஏண்ணே, அதுக்கு அவன் எங்கிட்டச் சொல்ல வேணாமா? ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? அப்பன் செத்துப்போனத மறைக்கிறவன் மனுசனா? வாய்ல கொழுக்கட்டையா வச்சிருந்தான்? 'ம்'முன்னு போட்டானே, அதுக்குப் பதிலா 'அப்பா எறந்துட்டாரு'ன்னு போட்டா விரல் தேஞ்சா போயிரும்? அந்த ரோஸ்லினுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. தெரிஞ்சுக்கிட்டே கேண்டீன்ல எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா. நான் முட்டி வலி, கல்யாணம்னு சொல்லிக்கிருக்கேன், அவ கேட்டுக்கிருக்கா! நீங்களும்தாண்ணே. உங்களையுந்தான் சொல்றேன். நான் கறி, கறின்னு பேசிக்கிருக்கும்போது வாயப் பொத்தியிருக்க வேண்டாமா நீங்க? ஒரு அறை விட்டிருக்க வேண்டாமா?

சொல்ல வந்தீங்களா. ஆமா. வந்தீங்க.

அவன் சிரிச்சான்ணே. மண்டையில தட்டுனேன்ல, அப்பச் சிரிச்சான். நான் பாத்தேன். சத்தியமாச் சிரிச்சான். சிரிக்காம இருந்திருந்தா நான் என்னன்னு கேட்டிருப்பேன்.

அவிங்க அம்மா ஒத்தையிலயா இருக்காங்க? தோட்டத்துக்குக் காலைல தண்ணி பாய்ச்சுறது அவன்தானா? மீசையும் எடுத்திருந்தான்ல, அப்ப எனக்குத் தோணியிருக்கணும். கருமாதிக்குத்தானே மீசை எடுக்குறது. எங்க தாத்தாவுக்கு எங்கப்பா எடுத்தாரு. எனக்கே தெரியும். தெரியாம இல்ல.

இதான் ஸ்டாப்பா? இந்தா வந்திருச்சா?

அய்யய்யோ, நிக்கிறாண்ணே. அந்தா, டீக்கடை பக்கத்துல. அவன்தான். வந்துட்டான் பாருங்க. முடி கொஞ்சம் வளந்திருக்கு. எளச்சுப் போய்ட்டான். வண்டியவே பாக்குறான். நீங்க இங்கிட்டு மறைச்சு நில்லுங்கண்ணே, சன்னல் பக்கமா. நில்லுங்க.

அண்ணே, ஒரு ஒதவி. இந்தாங்க, ஹால் டிக்கெட்டு. அவன் கையில குடுத்துருங்க. திங்கக்கிழமை காலைல பத்து மணிக்குன்னு சொல்லுங்க. தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்ச வேற ஆளு இருக்கான்னு பாருங்க, இல்லன்னா நீங்க ரெண்டு நாளைக்குப் பாய்ச்சுங்க, ஊருக்காரவுகதானே. நான் வரலண்ணே. நான் எறங்குனா சண்டை ஆகிப்போகும், எனக்கு இருக்குற கோவத்துக்கு. நாலு பேரு நிக்கிற எடத்துல எதுக்கு? பூமி வரலன்னு சொல்லிருங்க. வண்டிய விட்டுட்டான்னு சொல்லுங்க. வேணாம், ஒண்ணும் சொல்ல வேணாம். ரோஸ்லின் நம்பர அவன் ஃபோனுக்கு இப்ப அனுப்புறேன், அவள்ட்டப் பேசச் சொல்லுங்க, அது போதும்.

யோவ் கண்டக்டரு, விசில அடிக்காதய்யா! ஆளு எறங்குதுல்ல, கண்ணு தெரியல?

நான் இல்லய்யா. இவரு எறங்குறாரு. என் டிக்கெட்டு இங்க வரைக்குந்தான், தெரியும், கத்தாத. அடுத்த ஊரு எதுவோ அதுக்கு ஒண்ணு குடு.